பலகையில் மூன்றாவது பெயர்

செலின் அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். திருபுவனையில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் இது எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு வருடமாக அங்கே பேக்கிங்கில் நிற்கிறாள். புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒருவன் பெண்களை "ஏய், இந்தா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் இவள் ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டை நிறுத்திவிட்டு அவனிடம் போனாள். பக்கத்தில் நிற்பவளுக்குக்கூடக் கேட்காத குரலில், "எனக்குப் பேரு இருக்குது தம்பி. ரெஜிஸ்டர்ல பாரு" என்றாள். மறுநாளிலிருந்து அவன் "செலின் மேரிம்மா" என்றுதான் கூப்பிட்டான்.

அவள் புருஷன் இன்னாசி அத்தான் குடித்தே செத்தவர். வில்லியனூரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கடை. அத்தனை கடையிலும் அவரைத் தெரியும். அடக்கம் முடிந்து வந்த அன்றைக்கே அக்கா வீட்டில் மிச்சமிருந்த பாட்டில்களை வாசலில் வைத்து உடைத்தாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். "எம்புள்ள இருக்கற எடத்துல எவனாவது பாட்டில் தொறந்தா, அவன் எனக்குச் சாவுக்கும் வரக்கூடாது" என்றாள். அப்போது அருண் சேவியருக்கு ஒன்பது வயது.

அருண் அப்படியே வளர்ந்தான். கிறிஸ்துமஸ் கேக்கை நீட்டினால் ரம் போட்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பான். கூட்டாளிகள் அவனை 'சாமியார்' என்பார்கள். ஐ.டி.ஐ. முடித்து அம்மா வேலை பார்க்கும் தொழிற்பேட்டையிலேயே வேறொரு கம்பெனியில் சேர்ந்தான். காலை பஸ்ஸில் இருவரும் ஒன்றாகப் போவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை, கள்ளக்குறிச்சிக்கு மேற்கே மலையில் நெடும்பாறை ஓடைக்கு டூர் போனான். கூடப் போனது வண்டி ஓட்டிய அமல்தாஸ் மட்டும்தான், அக்காவின் சொந்தத் தம்பி. அருண் பாசியில் வழுக்கி மூன்றாவது மடுவில் விழுந்தான். தலை பாறையில் பட்டிருந்தது. அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது.

போலீஸ் எழுதிய காகிதத்தில் 'மது வாடை வீசியது' என்று ஒரு வரி இருந்தது. ரத்தத்தை ஆய்வுக்கு அனுப்பியதற்குப் பதில் வரவேயில்லை. அந்த ஒரு வரி போதுமாயிருந்தது. துக்கத்துக்கு வந்தவர்களே வெளியில் போய், "அப்பனுக்குத் தப்பாத புள்ள" என்றார்கள். அக்கா காதில் விழும்படி சொன்னவர்களும் உண்டு.

இந்த வருடம் ஆகஸ்டில் கம்பெனிப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. அந்த ஓடைக்குப் போன யாரோ எடுத்தது. பாதை தொடங்கும் இடத்தில் மஞ்சள் தகரப் பலகை. 'எச்சரிக்கை! இங்கு குடிபோதையில் உயிரிழந்தவர்கள்' என்று தலைப்பு. கீழே நாலு பெயர்கள். மூன்றாவது: அருண் சேவியர், 22, வில்லியனூர், புதுச்சேரி.

அதை அக்கா எனக்கும் அனுப்பினாள். நான் அவளுடைய சித்தி மகள், ஆனி மேரி. ஊரில் தமிழும் பிரெஞ்சும் படித்துவிட்டு, பத்தொன்பது வருடமாகப் பாரிசுக்கு வெளியே இருக்கிறேன். ரயிலில் நின்றபடி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இறங்க வேண்டிய நிலையத்தில் இறங்கவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு ஊருக்கு வந்தேன். கல்லறைக்கு வெள்ளையடித்து, பூப் போட்டு, மெழுகுவத்தி ஏற்றி முடித்ததும் அக்கா சொன்னாள்: "நாளைக்கு மலைக்குப் போறோம். அவன் வுழுந்த எடத்துல ஒரு வத்தி ஏத்தணும். அமலு வண்டி எடுத்தாரான்."

"மழைக் காலம்கா. ஓடையில தண்ணி வரும்."

"வரட்டும். நீ எதுக்குத் தெரியுமா? ரெண்டு பாஷ படிச்சவ. அந்த ஊர்க்காரன் எதுனா எழுதிக் குடுன்னா எழுதிக் குடு. மத்தபடி வாயத் தொறக்காத."

விடியுமுன் கிளம்பினோம். அமல்தாஸ் நாற்பத்து நாலு வயது ஆள், நிறையப் பேசுபவன். அன்று பேசவில்லை. திருபுவனை தாண்டி எல்லைச் சாவடியில் போலீஸ்காரர் டார்ச் அடித்து, "பாண்டி வண்டியா? பாட்டிலு?" என்றார். டிக்கியைத் திறந்து, சீட்டைத் தூக்கி, ஸ்டெப்னிக்குள் கைவிட்டுப் பார்த்தார். அக்கா மடியில் வைத்திருந்த பெரிய பையையும் கேட்டார். மெழுகுவத்திக் கட்டு, இட்லிப் பொட்டலம், பாதி தீர்ந்த வெள்ளைப் பெயிண்ட் டப்பா, ஒரு பிரஷ்.

"பெயிண்டு எதுக்கும்மா?"

"கல்லறைக்கு அடிச்சது. மீதி."

எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். நான் போனில் மழை நிலவரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "போன்ல மழயத் தேடாத, வெளிய பாரு" என்றாள். வெளியே பார்த்தேன். மேற்கே கறுத்துத்தான் இருந்தது.

ஒன்பது மணிக்கு மலையடிவாரத்தில் இறங்கினோம். கயிறு கட்டிய மூங்கில், ஒரு கீற்றுக் கொட்டகை, பக்கத்தில் அந்தப் பலகை. படத்தில் பார்த்ததைவிடப் பெரியது. அக்கா அதன் முன்னால் போய் நின்றாள். ஒரு வரி விடாமல் படித்தாள். உதடுகூட அசையவில்லை.

கொட்டகையிலிருந்து ஒருவர் வந்தார். ஓடைக்கு வருகிறவர்களைக் கவனிக்க மலையூர்க்காரர்கள் போட்டிருக்கும் கமிட்டியின் காவலாள். சட்டையில் தணிகைவேல் என்று குத்தியிருந்தது. வண்டி நம்பரைப் பார்த்ததும், "பாண்டியா? பாட்டில் இருந்தா இங்கியே வச்சிட்டுப் போயிடுங்க. திரும்பி வரப்ப வாங்கிக்கலாம்" என்றார். கேட்டுக் கேட்டுப் பழகிய குரல், அதில் கெட்ட எண்ணம் இல்லை. என் தண்ணீர் பாட்டிலை வாங்கி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"பொம்பளைங்ககிட்டயுமா?" என்றேன்.

"ஜூஸ்ல கலந்து கொண்டாராங்கம்மா. உங்க ஊருல அது தண்ணி மாதிரியாம்."

"எங்க ஊருல தண்ணியும் இருக்குது" என்றாள் அக்கா, அந்த இறங்கிய குரலில். அவர் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அமல்தாஸ் இதற்குள் கயிற்றைத் தாண்டிப் போயிருந்தான். தணிகைவேல் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன்.

பாதை என்று சொன்னாலும் அது ஓடையேதான். மாடு படுத்த அளவு பாறைகள், நடுநடுவே தண்ணீர், இருபுறமும் வெள்ளைப் பட்டையோடு நீர்மருது மரங்கள். நான் இருக்கும் தேசத்தில் இந்த மாதத்தில் மலைப்பாதையில் நடந்தால் காடு மஞ்சளும் சிவப்புமாக இருக்கும். இங்கே இலை நிறம் மாறாது, பாறைதான் மாறும். ஐப்பசி மழை இரண்டு பெய்ததும் கல்லெல்லாம் பச்சை. வரப்பிலும் ஏரிக்கரையிலும் நடந்து பழகிய எங்கள் கால்களுக்கு இந்தக் கல் பிடிபடவில்லை. அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். கட்டைவிரலை ஊன்றி ஊன்றி, ஐம்பது வயதில், எங்கும் நிற்காமல் ஏறினாள். மலைநடைக்கென்றே வாங்கிய சப்பாத்து போட்டிருந்த நான்தான் பின்தங்கினேன்.

"பாரீசு செருப்புக்கு நம்மூரு கல்லு ஆவலயா?" என்றாள் திரும்பிப் பார்க்காமல்.

முதல் மடுவில் நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள் பாட்டுப் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவதில் யாரும் இல்லை. மூன்றாவதற்குப் போக ஓடையைக் குறுக்கே தாண்ட வேண்டும். அமல்தாஸ் முதலில் தாண்டி, "கல்லு மேல கால வைக்காத, ரெண்டு கல்லுக்கு நடுவுல வை" என்று என்னிடம் கத்தினான். நான் கல் மேல்தான் வைத்தேன். இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆனால் அந்தக் குளிர் மூச்சைப் பிடுங்கியது. கத்தக்கூட முடியவில்லை.

அமல்தாஸ் குதித்தான். கக்கத்தில் கைகொடுத்து என்னை இழுத்துப் பாறையில் போட்டான். எனக்குப் பல் கடகடவென்று அடித்தது. அவன் என் சப்பாத்தையும் சாக்ஸையும் உருவி எறிந்துவிட்டு, உள்ளங்கால்களைத் தன் உள்ளங்கையால் பரபரவென்று தேய்த்தான். அவன் கண் என் முகத்தில் இல்லை. "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, இந்தா சூடாயிடும், கையில இன்னாவது இருந்தா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினான். கை மட்டும் என் காலில் இருந்தது.

அக்கா எங்களுக்கு மேலே நின்றுகொண்டிருந்தாள்.

"அமலு."

"இன்னாக்கா."

"கையில இன்னாவது இருந்தான்னியே. இன்னா?"

"துணி. காஞ்ச துணி."

"துணிக்கு எதுக்குடா உள்ளங்காலு?"

எங்கள் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் உள்ளது. பிள்ளை பெற்றவளுக்கு, ஜன்னி கண்டவனுக்கு, மழையில் நனைந்து நடுங்கும் குழந்தைக்கு, பிராந்தியை உள்ளங்கையில் ஊற்றி நெஞ்சிலும் உள்ளங்காலிலும் சூடு பறக்கத் தேய்ப்பார்கள். குடிக்காத வீட்டிலும் மாதா படத்துக்குப் பின்னால் ஒரு கால் பாட்டில் மருந்துக்கென்று இருக்கும். செலின் அக்கா வீட்டில் மட்டும்தான் இல்லை. விறைத்த உடம்புக்கு அது சூடு தராது, கெடுதல்தான் செய்யும் என்று நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். அமல்தாசுக்கு யார் சொன்னார்கள்?

"அன்னிக்கு உங்கையில இன்னா இருந்துச்சு?" என்றாள் அக்கா.

அவன் பாறையில் உட்கார்ந்துவிட்டான்.

"குவாட்டரு. நான் குடிக்கத்தான் எடுத்தாந்தேன். அதுவரைக்கும் சீலுகூடத் தொறக்கலக்கா. அவனத் தூக்கிப் போட்டப்ப ஒதடு நீலமா இருந்துச்சு. நெஞ்சுல தேச்சேன். கால்ல தேச்சேன். ஒண்ணும் ஆவல. வாயில ரெண்டு மூடி ஊத்துனேன். உள்ள போச்சோ இல்லியோ, எல்லாம் வெளிய வழிஞ்சிது. சட்டையெல்லாம்..."

அக்கா பாறையிலிருந்து இறங்கி அவனுக்கு எதிரே வந்தாள்.

"போலீசு கேட்டப்ப?"

"பயந்துட்டேன்."

"போலீசுக்கா?"

"உனக்கு." அவன் நிமிர்ந்தான். இப்போது அவனுக்கும் கோபம். "நீதான சொன்ன, பாட்டில் தொறக்கறவன் சாவுக்கும் வரக்கூடாதுன்னு? அங்கியே உண்மயச் சொல்லியிருந்தா அருணு அடக்கத்துக்கு என்ன உள்ள வுட்டிருப்பியா? சொல்லு. வுட்டிருப்பியா?"

அக்கா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"வுட்டிருக்க மாட்டேன்."

"அப்பறம்? அவனத் தோள்ல போட்டு ரெண்டு மணி நேரம் எறக்கனது நாந்தான்கா. பொட்டியத் தூக்குனதும் நாந்தான்."

"தூக்குன. அப்பறம் ரெண்டு வருஷமா எம்புள்ளயக் குடிகாரனாவும் தூக்கிகினு திரிஞ்ச. கம்பெனி பஸ்ஸுல ஒருத்தி எம்பக்கத்துல உக்காந்து, 'அவங்க அப்பாவும் இப்படித்தானாமே'ன்னு கேட்டா. நீ எங்கடா இருந்த? எங்க வூட்டுல உக்காந்து மீன்கொழம்பு துன்னுகினு இருந்த."

செருப்பு இன்னும் அவள் கையில்தான் இருந்தது. ஓங்கிவிடுவாள் என்று நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அவள் அதைக் கீழே போட்டுக் காலில் மாட்டிக்கொண்டாள். பிறகு மடுவின் ஓரம் போய், ஒரு மெழுகுவத்தியை ஏற்றிப் பாறை இடுக்கில் நிறுத்தினாள். காற்றில் அணைந்தது. மறுபடி ஏற்றவில்லை. நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு திரும்பினாள்.

"எழுந்திரு. தண்ணி கலங்கிகினு வருது."

ஆமாம், கலங்கியிருந்தது. நான் போனை வைத்துக்கொண்டு பார்க்காததை அவள் பார்த்திருந்தாள். மேலே எங்கோ மழை. இறங்கத் தொடங்கினோம். வழுக்கும் இடங்களில் அமல்தாஸ் எனக்குக் கை கொடுத்தான். அக்காவுக்கும் நீட்டினான். அவள் பக்கத்துக் கிளையைப் பிடித்துக்கொண்டாள். முதல் மடுவில் குளித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்து, "டேய், ஏறுங்கடா! தண்ணி வருது, பாட்ட நிறுத்திட்டு ஏறு!" என்று அக்கா கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டதேயில்லை. பிள்ளைகள் துணியைக்கூட எடுக்காமல் கரையேறினார்கள்.

கீழே தணிகைவேல் டீ குடித்துக்கொண்டிருந்தார். அக்கா பையிலிருந்து பெயிண்ட் டப்பாவை எடுத்து, மூடியைச் சாவியால் நெம்பித் திறந்து, பிரஷை அமல்தாசிடம் நீட்டினாள்.

"ம்மா, இன்னா பண்றீங்க?" தணிகைவேல் டம்ளரை வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"அந்த மூணாவது பேரு எம்புள்ள. இவன் என் தம்பி. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம். சொல்லுடா."

அமல்தாஸ் சொன்னான். தரையைப் பார்த்து, பாதி வார்த்தையை விழுங்கி, ஆனால் எல்லாவற்றையும் சொன்னான். கேட்டு முடித்ததும் தணிகைவேல் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"காலையிலயே நெனச்சேன், எங்கியோ பாத்த ஆளுன்னு. ம்மா, அன்னிக்குக் கடைசி எறக்கத்துல தலப்பக்கம் புடிச்சது நானு. கும்முனு வாடை. போலீசு கேட்டாங்க, அடிச்சுதுன்னு சொன்னேன். நான் பொய் சொல்லலம்மா."

"நீ பொய் சொல்லல. எல்லாரும் உண்மயத்தான் சொல்லிகிறீங்க. எம்புள்ள மட்டும் குடிகாரன்." அக்கா பலகையைக் காட்டினாள். "அடிடா."

"பேரையா?" என்றான் அமல்தாஸ்.

காலையில் வரும்போது பெயரை அழிக்கத்தான் அவள் வந்திருந்தாள். அது எனக்கு நிச்சயம்.

"பேரு இருக்கட்டும். அவன் இங்க செத்தது நெசந்தான. மேல இருக்கற அந்த வார்த்தைய அடி. குடிபோதையில்."

"ம்மா, அது நாலு பேருக்கும் தலப்பும்மா!" தணிகைவேல் குறுக்கே வந்தார். "மீதி மூணு பேரு குடிச்சிட்டுத்தான் செத்தாங்க."

"நீ ஊத்திக் குடுத்தியா?"

"இல்ல..."

"அப்ப உனக்கு எப்படித் தெரியும்? வாடை அடிச்சுதா?"

அவர் பலகையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "கமிட்டித் தலைவரு கேட்டா நான் இன்னாம்மா சொல்றது?" என்றார்.

"எங்க ஊரு அட்ரஸ்தான் அதுலயே போட்டிருக்கீங்களே. வரச் சொல்லு."

அதற்குத்தான் நான். கொட்டகையில் உட்கார்ந்து, ஈரப் புடவையோடு, கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதினேன். நடந்ததை அமல்தாஸ் சொல்லச் சொல்ல எழுதி, அவனிடம் கையெழுத்து வாங்கி, தணிகைவேலிடம் கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கொட்டகையிலிருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கி வந்து பலகைக்கு முன்னால் போட்டார்.

அமல்தாஸ் ஏறி அடித்தான். வெள்ளை வழிந்தது. ஒரு தடவை அடித்தும் கறுப்பு எழுத்து உள்ளே மங்கலாகத் தெரிந்தது.

"இன்னொரு தபா" என்றாள் அக்கா.

திரும்பும்போது அவள் முன்சீட்டில் உட்காரவில்லை. விழுப்புரம் வரைக்கும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். அங்கே டீக்கு நிறுத்தியபோது, என்னிடம் பேசுவது போல அவனிடம் சொன்னாள்: "வர்ற ஞாயித்துக்கெழம, பூச முடிஞ்சதும், கோயில் வாசல்ல நின்னு சொல்லணும். கம்பெனிப் பொம்பளைங்களையும் வரச் சொல்லுவேன்."

"சொல்றேன்கா" என்றான் அமல்தாஸ். அவன் டீயைத் தொடவில்லை.

நான் சனிக்கிழமையே விமானம் ஏற வேண்டியிருந்தது. ஞாயிறு மதியம் இங்கிருந்து போன் செய்தேன். மனசுக்குள் ஆயிரம் ஓடியது: அவன் வராமல் போயிருந்தால், ஊரில் யாராவது அவன்மேல் கைவைத்திருந்தால், இவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால். அக்கா எடுத்தாள். பின்னால் குழாயடிச் சத்தம்.

"வந்தானா?"

"வந்தான்."

"சொன்னானா?"

"சொன்னான்."

"நீ இன்னாக்கா பண்ண?"

"நடுவுல நிறுத்துனேன்" என்றாள். குரல் மறுபடி இறங்கியிருந்தது. "சத்தமா சொல்லுடான்னேன். பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல. மொதல்லேருந்து சொல்ல வச்சேன்."